உவர்மலையில் எழுதும் அந்தாட்டிக்காக் கதைகள்

செவ்வாய்

கொழும்புக் கோட்டையில் இரவு ஏறிய ரயில் காலையில் திருகோணமலையில் கொண்டுவந்து விட்டது. சித்தி வீடு உவர்மலையில். முன்னறையில் ஒரு மேசையை ஒழித்து, விசிறிக்கு நேர் கீழே போட்டு வைத்திருக்கிறார். நான் கதை எழுத வந்திருப்பது அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் இரண்டு பேர் வந்து, "பனிநாட்டுக்குப் போய் வந்த பிள்ளை இதுவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பெப்ரவரியில், ஆர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உசுவாயாவில் ஒரு சிறிய கப்பலில் ஏறி, டிரேக் கடலைக் கடந்து, அந்தாட்டிக்காத் தீபகற்பம் வரை போனேன். பல வருடச் சேமிப்பில் போன பயணம். கையில் இருப்பவை பென்சிலால் எழுதிய குறிப்புக் கொப்பிகள். ரப்பர்ப் படகில் உப்புத்தண்ணீர் தெறித்துத் தாள் நனையும். நனைந்த தாளில் பென்சில்தான் பிடிக்கும். தென்முனைக்குப் போன பிரித்தானியர் ஸ்கொட்டின் குழுவில் இருந்த மருத்துவர் எட்வேர்ட் வில்சன் நல்ல ஓவியர். வெளியில் பென்சிலால் கோடு மட்டும் இழுத்து, நிறங்களைச் சொற்களாக ஓரத்தில் குறித்துக்கொண்டு, குடிலுக்குத் திரும்பிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் நிறம் தீட்டுவார். நானும் அந்த வழியைத்தான் பிடித்தேன். மணம், ஓசை, யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் ஓரக்குறிப்புகளாக இருக்கின்றன. நிறம் தீட்ட இங்கே வந்திருக்கிறேன்.

ஏன் இங்கே? ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் பனி தெரியும். பெப்ரவரியில் எங்கள் தெருவில் அடிக்கிற குளிர், அதே மாதம் தீபகற்பத்தில் இருந்ததைவிட அதிகம். அங்கே அது கோடை. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அதனால் பனியைப் பற்றிச் சொன்னால் அங்குள்ளவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு வேண்டியவர்கள் பனியைக் கண்டிராத, கடலை நன்றாகத் தெரிந்த ஆட்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் இருந்துதான் இந்தக் கதைகளைக் கட்ட முடியும் என்று நம்பி வந்திருக்கிறேன்.

புதன்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் எல்லாரும் கூடினோம். சித்தப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தம்பியின் மகள் தரம் ஒன்பதில் படிக்கிறாள், எனக்கு மருமகள். எங்கே இருந்து தொடங்குவது என்று நான் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. அவர்களே தொடங்கிவிட்டார்கள்.

"கப்பலை எங்க கட்டுவினம்?" இது சித்தப்பா.

கட்ட இடமில்லை. இறங்குதுறை என்று ஒன்று அங்கே கிடையாது. கப்பல் நங்கூரம் போட்டோ, சும்மா மிதந்துகொண்டோ நிற்கும். பத்துப் பேர் அளவில் ரப்பர்ப் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அங்கே போகும் கப்பல்கள் கடைப்பிடிக்கும் விதி. படகில் ஏறும்போது விரல்களைக் கோத்துப் பிடிக்க விடமாட்டார்கள். படகில் நிற்கும் மாலுமி என் முன்கையைப் பிடிப்பார், நான் அவருடைய முன்கையைப் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி இருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா எழும்பி வந்து என் கையை அப்படியே பிடித்துக் காட்டினார். "இதுதானே? நாங்க லோஞ்சில ஏறுறதும் இப்பிடித்தான்."

இந்த ஒரு பிடியை ஒரு கதையின் நடுவில் வைக்கப் போகிறேன். ஏற்கெனவே என் கொப்பியில் அது இரண்டே சொல்லாகக் கிடந்தது. அவர் கையைப் பிடித்த பிறகுதான் அதன் பெறுமதி எனக்கு உறைத்தது.

சித்தி கேட்டது வேறு. "அவ்வளவு ஆட்டத்துக்குள்ள ஆர் சமைச்சது?"

டிரேக் கடலில் மேற்கே இருந்து வரும் அலையை மறிக்க நிலம் கிடையாது. உலகைச் சுற்றி வரும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் போகிறது. கடக்க இரண்டு நாள் எடுக்கும். தட்டுகள் வழுக்காமல் இருக்க மேசைவிரிப்பை ஈரமாக்கி விரிப்பார்கள். பயணிகள் பாதிப் பேர் அறையை விட்டு வெளியே வராத நேரத்திலும் குசினியில் அடுப்பு நிற்கவில்லை. பழைய பயணங்களிலும் அப்படித்தான். துருவப் பயணி ஷக்கில்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் 1915 நவம்பரில் பனியால் நொறுங்கி மூழ்கியது. பிறகு தலைவர் ஷக்கில்டன் உதவி தேடிப் போக, 22 பேர் யானைத் தீவில், கவிழ்த்த இரண்டு படகுகளின் கீழே நான்கரை மாதம் கிடந்தார்கள். சமையற்காரர் சார்ல்ஸ் கிரீனும் அவர்களில் ஒருவர். சாப்பிட்டது சீலும் பென்குயினும். எரித்தது சீல் கொழுப்பு. புகையில் எல்லாரும் கறுத்துப்போனார்கள். 1916 ஓகஸ்ட் 30ஆம் தேதி சிலி நாட்டு யெல்ச்சோ கப்பல் வந்து மீட்டபோது 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். மீட்பைக் கொண்டுவந்த தலைவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த 22 பேருக்கும் அடுப்பு எரிந்தாக வேண்டுமே, அது எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது? எனக்கு அந்த அடுப்படிக் கதைதான் வேண்டும்.

மருமகள் கடைசியாகக் கேட்டாள்: "மாமி, பென்குயின் மணக்குமா?"

மணக்கும். கரைக்குப் போகுமுன்பே காற்றில் வந்துவிடும், நாட்பட்ட கருவாட்டுச் சாக்கைத் திறந்த மணம். இறால் போன்ற கிறில் என்ற உயிரைத் தின்பதால் எச்சம் இளஞ்சிவப்பாக இருக்கும். அவை நடக்கும் பாதை முழுக்க அந்த நிறம். படங்களில் வெள்ளையாகத் தெரியும் நிலம் அது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணத்தில் இருந்து தொடங்கும் கதை ஒன்று இருக்க வேண்டும் என்று படுக்குமுன் குறித்துக்கொண்டேன்.

வியாழன்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். நகரத்தில் இருந்து அதிக தூரமில்லை, ஓட்டோவில் போய்விடலாம். ஏழு கிணறுகள், ஆழமில்லாதவை, ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தியபோது பொங்கியவை என்பது ஊரார் சொல்லும் கதை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, அடுத்த கிணற்றுக்கு நகர்ந்து, இது கூடச் சூடா அது கூடச் சூடா என்று வாதாடிக்கொண்டு குளிப்பதுதான் கன்னியா.

நான் அங்கே நின்றபடி டிசெப்சன் தீவைச் சொன்னேன். தீபகற்பத்துக்கு வடக்கே, தென் செட்லாந்துத் தீவுகளில் ஒன்று. பார்க்க வட்டமான தீவு. உண்மையில் அது கடல் புகுந்த எரிமலை வாய். கப்பல் உள்ளே போகும் வாசல் ஒடுக்கம். அதன் நடுவில் நீருக்கடியில் ஒரு பாறை வேறு இருப்பதால் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் காற்று அடங்கி, பெரிய துறைமுகம் ஒன்று விரிகிறது. கரை கறுப்பு மணல். நீர் வற்றும் நேரத்தில் மணலில் இருந்து ஆவி எழும்புகிறது. நான் கையுறையைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தேன். மேலே மலையில் பனி, கையில் வெந்நீர். 1967இலும் 1969இலும் 1970இலும் அந்த எரிமலை வெடித்தது. அங்கே இருந்த ஆய்வு நிலையங்களை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

அதே கரையில் நோர்வேக்காரரின் திமிங்கில எண்ணெய் ஆலை ஒன்று 1912 முதல் 1931 வரை ஓடியது. கொதிகலன்களும் பெரிய உருளைத் தாங்கிகளும் துருவேறி இன்றும் நிற்கின்றன. வேலைக்கு வந்து அங்கேயே இறந்தவர்களுக்கு ஒரு சிறு மயானம் இருந்தது. 1969இல் வெடிப்பு பனியை உருக்கி, வந்த சேறு அதை மூடிவிட்டது. அந்த இடத்தில் நின்றபோது வழிகாட்டி எதுவும் விளக்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா நின்றோம்.

கன்னியாவில் ஈரத்தலையோடு கேட்டுக்கொண்டிருந்த சித்தி, "அந்தப் பொடியங்கள் அந்தச் சுடுதண்ணியில குளிச்சிருப்பாங்கள்தானே?" என்றார்.

குளித்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். எந்த நூலில் தேடினாலும் எண்ணெய் எத்தனை பீப்பாய் என்ற கணக்குத்தான் முதலில் கண்ணில் படுகிறது. பகல் முழுக்கத் திமிங்கிலக் கொழுப்பில் நின்ற ஒருவன், வேலை விட்டதும் மணலைக் கையால் தோண்டி, ஊறும் வெந்நீரில் உட்காருகிறான். முதல் கதை இது. வீட்டுக்குத் திரும்பும் ஓட்டோவிலேயே முதல் பந்தியை எழுதிவிட்டேன். பல மாதம் கைக்கு வராதது.

வெள்ளி

கோணேசர் கோவில். கோட்டை வாசலைத் தாண்டியதும் மான்கள் நிழலில் படுத்திருந்தன. வெள்ளி என்பதால் நல்ல கூட்டம். சம்பந்தர் பாடிய தலம் இது. சித்தி பதிகத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். இராவணன் வெட்டுப் பக்கம் நின்று பார்த்தால் கீழே பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. கச்சான் காற்று முதுகில் சுட்டது. இன்று எழுதவில்லை, எழுத வேண்டும் என்ற அந்தரமும் இல்லை.

சனி

காலையில் சீனக்குடாப் பக்கம் போக வேண்டி இருந்தது. பஸ் யன்னலால் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் தெரிந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் தங்கள் கடற்படைக் கப்பல்களுக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலே விழுந்து எரிந்தது. சின்ன வயதில் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பார்த்த வடிவங்கள். டிசெப்சன் தீவில் படகால் இறங்கியதும் எனக்கு முதலில் தெரிந்ததும் இதே உருளை வடிவம், இதே துரு. கப்பலில் இருந்த மற்றவர்களுக்கு அது விநோதமான இடிபாடு. எனக்கு ஊரின் வாசல்.

இயற்கையாக அமைந்த நல்ல துறைமுகம் ஒன்று எங்கே இருந்தாலும் தூரத்து நாட்டவர் வந்து தாங்கி கட்டுகிறார்கள், எரிபொருளை நிரப்புகிறார்கள், விலையோ போரோ மாறியதும் விட்டுவிட்டுப் போகிறார்கள். துருவப் பயணத்தைப் பற்றி எழுதுகிற பலர் அந்த நிலத்தை யாரும் தொடாத வெள்ளைத்தாள் மாதிரிக் காட்டுகிறார்கள். அப்படி எழுத எனக்கு மனமில்லை. முதலில் அங்கே போய்த் தங்கியவர்களில் பெரும்பகுதியினர் சீலையும் திமிங்கிலத்தையும் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். திருகோணமலைக்காரி ஒருத்தி அதை மறந்துவிட்டு பென்குயினை மட்டும் எழுதினால் சரியாக இருக்காது.

இந்த ஊரின் பெயர் குளிர்க்கடலுக்குப் போன கதையும் ஒன்று உண்டு. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல் ஒன்றுக்கு டிரிங்கோமலி என்று பெயர் வைத்தார்கள். 1849இல் அதை நியூபவுண்ட்லாந்து, லாப்ரடோர் பக்கம் அனுப்பினார்கள். வடக்கே இருந்து பனிமலைகள் மிதந்து இறங்கும் கடல் அது. கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டு நிற்கிறது. சித்தப்பாவுக்கு இது புதிது. இரவு வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார், தேக்கு உப்பில் எத்தனை காலம் தாங்கும் என்பதில் தொடங்கி.

பின்னேரம் வெயில் தணியவில்லை. எழுதிய பக்கங்களில் வியர்வை ஒட்டியது. ஷக்கில்டனின் குழு 1908 குளிர்காலத்தை ரொயிட்ஸ் முனையில் ஒரு குடிலில் கழித்தபோது, கையோடு கொண்டுபோன சிறிய அச்சு இயந்திரத்தில் ஒரு புத்தகம் அச்சிட்டார்கள். அந்தாட்டிக்காவிலேயே எழுதி, அச்சிட்டு, கட்டிய முதல் புத்தகம் அதுதான்: அரோரா ஆஸ்திராலிஸ். அச்சுக் கோத்தவர்கள் ஜொய்சும் வைல்டும். மை உறைந்து போகாமல் இருக்க மெழுகுதிரி கொளுத்திச் சூடு காட்டினார்கள். அட்டைக்கு உணவு வந்த பெட்டிப் பலகைகளையே அறுத்து எடுத்தார்கள். சில பிரதிகளில் உள்ளே இருந்த உணவின் பெயர் இன்னமும் வாசிக்கக் கூடியதாக இருக்கிறது. அதில் டக்ளஸ் மோசன் என்ற புவிச்சரிதவியலாளர் ஒரு கதை எழுதினார். குழுவினர் துருவத்துக்குப் போகும் வழியில் ஆழமான ஒரு பள்ளத்துக்குள் இறங்குகிறார்கள். அங்கே எரிமலையின் சூட்டில் பெரும் செடிகளும் பெரும் பூச்சிகளும் வாழ்கின்றன.

அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சூரியனே எழும்பாத மாதங்களில், மெழுகுதிரியில் மையை உருக்கிக்கொண்டிருந்த இடத்தில், ஒருவர் உட்கார்ந்து வெக்கையைக் கற்பனை செய்திருக்கிறார். இருக்கிற இடத்தில் இல்லாததை உடம்பு கேட்கும், கை அதை எழுதும். இன்று பின்னேரம் விசிறிக்குக் கீழே இருந்து பனியை எழுதியபோது எனக்கும் அதுதான் நடந்தது. குளிரை இவ்வளவு தெளிவாக ரொறன்ரோவில் ஒருநாளும் எழுதியதில்லை.

ஞாயிறு

விடியமுன் படகு. கடல் இந்த மாதங்களில் இந்தப் பக்கம் அமைதி. படகோட்டி அண்ணா நிலாவெளிக்காரர். பகலில் புறாமலைக்கு ஆட்களை ஏற்றுவார், விடியலில் கேட்டால் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போவார். துறைமுக வாயில் இருந்தே கடலுக்கு அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அதனால்தான் கரைக்கு இவ்வளவு கிட்ட ஆழ்கடல் உயிர்கள் வருகின்றன.

நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தூரத்தில் நேராக ஒரு நீர்த்தூண் எழுந்தது. அண்ணா இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "இனிக் கிட்டப் போகப்படாது. அது விரும்பினா வரட்டும்." நீலத் திமிங்கிலத்தின் முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது. மருமகள் என் கையை நெரித்துப் பிடித்திருந்தாள். தீபகற்பத்தில் கூன்முதுகுத் திமிங்கிலங்களை நிறையப் பார்த்தேன். நீலத் திமிங்கிலத்தைக் காணவில்லை. அந்தக் கடலில் அவற்றின் கூட்டம் வேட்டையால் ஏறக்குறைய அழிந்துபோனது. தென்கடலில் இருபதாம் நூற்றாண்டில் கொன்றவை மூன்று லட்சத்துக்கும் மேல்.

இங்கே பார்த்த திமிங்கிலம் அங்கே போகும், அங்கிருந்து திரும்பி வரும் என்று எழுதினால் கதைக்கு வடிவான பாலம் கிடைக்கும். ஆனால் அது உண்மையில்லை. இந்தப் பக்கத்து நீலத் திமிங்கிலங்கள் வருடம் முழுக்க வட இந்து சமுத்திரத்திலேயே சுற்றுபவை, தென்முனைக்குப் போவதில்லை. கதையென்றாலும் அதை மாற்ற நான் விரும்பவில்லை.

உண்மையான பாலம் வேறொன்று இருக்கிறது, அது கசப்பானது. 1960களில் அந்தாட்டிக்காவுக்கு வேட்டைக்குப் போன சோவியத் கப்பல் கூட்டங்கள் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. கணக்கை மறைத்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1990களில்தான் உண்மையான பதிவுகள் வெளியே வந்தன. திமிங்கிலங்கள் போகாத தூரத்தைக் கப்பல்கள் போயின.

இதை அண்ணாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கட அப்பா ஆக்கள் சொல்லுவினம், ஒரு காலத்தில கடலில இதுகளைக் கண்டதே இல்லையெண்டு. போர்க்காலத்தில கடலுக்குப் போக விடாததால எண்டு நினைச்சன்" என்றார். இரண்டும் காரணமாக இருக்கலாம். இந்தப் பேச்சை அப்படியே ஒரு கதையில் வைக்க அவரிடம் அனுமதி கேட்டேன். பெயர் போடாவிட்டால் சரி என்றார்.

திங்கள்

வெந்நீர்க் கதையை இன்று காலை விறாந்தையில் உரக்க வாசித்தேன். நோர்வேப் பொடியன் மணலைத் தோண்டி உட்காருகிறான். அவனுக்குப் பின்னால் தாங்கி நிரம்பிக்கொண்டிருக்கிறது. வளைகுடாவில் பனித்துண்டுகள் மிதக்கின்றன. பனியாற்றில் இருந்து உடைந்த துண்டுகள் தண்ணீரில் கரையும்போது, உள்ளே நெடுங்காலம் அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் வெடித்துச் சடசடக்கும். படகை நிறுத்திவிட்டுக் கேட்டால் கடல் முழுக்க அந்த ஓசைதான். என் வசனத்தில் அது சரியாக வரவில்லை என்று சொன்னதும் சித்தி குசினியில் இருந்தே, "கடுகு வெடிக்கிற மாதிரி எண்டு போடன்" என்றார். போட்டேன்.

சித்தப்பாவுக்கு வேறு குறை. தாங்கிக்கு எண்ணெய் ஏற்றும் குழாயை ஒருவன் தனியாக இழுப்பதாக எழுதியிருந்தேன். "தனி ஆளால ஏலாது. ரெண்டு பேர் வேணும், ஒருத்தன் கூப்பிட மற்றவன் இழுக்க." அவர் சொன்னதும் கதைக்குள் இரண்டாவது ஆள் வந்துவிட்டான். பின்னேரத்துக்குள் அவனுக்கு ஒரு தங்கையும், அனுப்பாத கடிதம் ஒன்றும் சேர்ந்துவிட்டன. முன்கையைப் பிடிக்கும் அந்தப் பிடியும் இவர்கள் இருவருக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கவிழ்த்த படகின் கீழே அடுப்படி பற்றிய கதை பாதியில் நிற்கிறது. அதற்குச் சித்தி இன்னும் ஒரு இரவு என்னோடு இருந்து, ஈர விறகில் எப்படித் தீ மூட்டுவது என்று செய்து காட்ட வேண்டும்.

மருமகளுக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. ஒவ்வொரு முறை கரைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் சப்பாத்துகளைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும், ஒரு புல்விதைகூட அந்த மண்ணுக்குப் போகக் கூடாது என்று முதல் நாள் இரவு சொல்லியிருந்தேன். நூறு பேரின் சப்பாத்தில் இருந்து பென்குயின் எச்சத்தைத் தேய்த்த மாலுமிப் பெண்ணைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாள். அந்தப் பெண்ணை எனக்கு நினைவிருக்கிறது. பிலிப்பைன்சில் இருந்து வந்தவர், தேய்க்கும்போது மெல்லிய குரலில் பாடுவார், காலைத் தூக்கு என்பதைக் கண்ணாலேயே சொல்வார்.

ரயில் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். நாளைக்கு அவருடைய கதை.